இரண்டாம் சங்குக்கு வந்தவர்கள்

நகராட்சியின் ஐந்தரை மணிச் சங்கு ஊதி, தீப்பெட்டி ஆபீஸ்கள் எல்லாம் கதவைத் திறந்துவிட்டு, ஆவாரங்கோட்டைத் தெருக்கள் தூக்குவாளிச் சத்தத்தால் நிறைந்து, அவரவர் வீட்டுக்கு அவரவர் வந்து சேர்ந்து, முகம் கழுவி, அடுப்பில் உலை வைத்து, ஊற்றி வைத்த டீ ஆறுகிற நேரத்துக்கெல்லாம் சங்கு இரண்டாவது தடவையும் ஊதியது. ஊதியதும், ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த அத்தனை பேரும், அதே சேலையும் அதே சட்டையும் அதே வேர்வையுமாகத் தெருவில் நடந்து, மறுபடியும் அவரவர் வீட்டுக்கு வந்தார்கள்.

நாங்கள் இதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் அதிசயம், மற்றதெல்லாம் நடக்கும், போகும். தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் மட்டும், தான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகின பிறகு, அதே பொம்பளையாட்கள் பூட்டின கேட் வழியாகவே வந்து “வர்றோம்ணே” என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனதாகவும், தானும் “சரி தாயி” என்றதாகவும், வேறு என்ன சொல்ல முடியும் என்றும் டீக்கடையில் சொன்னார். டீக்கடை சீனிராஜ் ஒரே ஆளுக்கு இரண்டாவது டீ ஆற்றும்போது, “இதுக்கும் சீனி கம்மியாத்தானே?” என்று கேட்டதோடு சரி.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வீடு திரும்புகிறவரைப் பார்த்து வாசலில் இருப்பவர் “வந்தாச்சா?” என்று கேட்பார். வந்தவர் கண்ணெதிரே நிற்பார், இருந்தாலும் கேட்க வேண்டும். அவரும் “வந்தாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் வந்த மாதிரி. இரண்டாவதாக வந்தவர்களை என்னவென்று கேட்பது என்று முதல் நாள் ஒரு தடுமாற்றம் இருந்தது. மறுநாள் “மறுபடியும் வந்தாச்சா?” என்று கேட்டுப் பழகிவிட்டோம். அவர்களுக்கு மறுவரவு என்று பேரும் வைத்துவிட்டோம்.

பேர் வைத்த பிறகுதான் மறுவரவின் அருமை புரிந்தது. முதலில் வந்த அம்மா தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, அடுப்பை மூட்டி, இடையிடையே பிள்ளைகளை வைது, ஓடிக்கொண்டே இருப்பாள். இரண்டாவதாக வந்த அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சம் இருக்காது. எல்லாம் முதலாமவள் செய்துகொண்டிருப்பாள். அதனால் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் படுக்கப் போட்டுப் பேன் பார்த்து, அது சொல்கிற பள்ளிக்கூடத்துக் கதையை நடுவில் வெட்டாமல் கடைசி வரைக்கும் கேட்பாள். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பேச்சு இருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். முதல் புருஷனோடு சண்டை போட்டு இரண்டாவது புருஷனோடு சமாதானமாகிறவர்கள் இருந்தார்கள்; அவன் போய்ச் சொன்னானோ என்னவோ, அன்று ராத்திரி முதலாமவனும் கொஞ்சம் இறங்கித்தான் வந்தான்.

உலையில் கூட ஒரு கைப்பிடி அரிசி போடப் பழகினோம். கல்யாணப் பத்திரிகையில் “சுற்றமும் நட்பும் மறுவரவும் சூழ” என்று அச்சடித்தார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வீடு திரும்புகிற இளவட்டங்களுக்கு மறுவரவு இல்லை என்று தெரிந்ததும், தாய்மார்கள் அதைப் பிடுங்கிப் பரணில் போட்டார்கள். சங்குச் சத்தம் எட்டாத புதுக்காலனியில் வீடு காலியாகி, சத்தம் காதைப் பிளக்கிற பழைய தெருக்களில் வாடகை ஏறியது. மறுவரவுக்குத் திருநீறு கொடுக்கலாமா என்று கோவிலில் ஒரு பேச்சு எழுந்து, கை நீட்டினால் கொடுக்க வேண்டியதுதான் என்று முடிந்தது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மறுவரவுகள் எழுந்து, “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். எங்கே போகிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தவர்கள், முக்குத் திரும்பியதும் தெரு காலியாக இருந்தது என்றார்கள். மறுநாள் சங்குக்குத்தான் வரப்போகிறார்களே என்று நாங்களும் அதற்கு மேல் தோண்டவில்லை. எல்லா வீட்டுக்கும் அதே சங்குதான் என்பதையும் நாங்கள் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தச் சங்கை ஊதுவது ஆள் இல்லை. முன்பு நாலு வேளைக்கும் ஓர் ஆள் பொத்தானை அமுக்கினார். பிறகு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சத்தம் பொறுக்காமல் மனுப்போட்டு, மாலைச் சங்கு ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஒன்றையும் நகராட்சி மாடியில் குளிர் அறைக்குள் இருக்கிற லினக்ஸ் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதற்குள்ளே ஒரு கால அட்டவணை உண்டு, கிரான் என்று அதற்குப் பேர். இத்தனை மணிக்கு இந்த வேலை என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், லீவு கேட்காமல், தீபாவளி பொங்கல் பார்க்காமல், அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ள மங்கையர்க்கரசி இருந்தாள்.

மங்கையர்க்கரசி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. நாற்பது தாண்டியவள், ஒற்றை ஆள். அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் இருக்கிறான், போன்கூடச் செய்வதில்லை. எங்கள் ஊருக்கு ஒப்பந்த வேலைக்கு வந்து பல வருஷம் ஆகியும், அவளை அரசி என்று கூப்பிட ஆள் கிடையாது. எங்களுக்கு அவள் கம்ப்யூட்டர் மேடம். சாயங்காலம் அவள் தெருவில் வரும்போது, மேடத்திடம் போய் வந்தாச்சா என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டோம். மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அத்தனை வருஷமும் எங்கள் ஊருக்கு வந்து சேராமலே இருந்தாள் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

பட்டறைத் தெருவில் ஒரு மாடி வீடு அவளுக்கு. கீழே குருவம்மா குடித்தனம். குருவம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், அவள் புருஷன் மாடசாமி லாரியில் லோடு ஏற்றுகிறவன். மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி, துணி போட்டு வைக்க இன்னொரு நாற்காலி. ஒற்றை ஆளுக்குத் தேங்காய் ஒரு மூடி கெட்டுப்போகும், மாவு புளித்துப்போகும், கீரைக்கட்டு வாடிப்போகும். அதனால் அவள் பெரும்பாலும் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள்.

சங்கு இரண்டு தடவை ஊதிய முதல் நாளும் அவள் அப்படித்தான் பையை மாட்டிவிட்டு டீயைப் போட்டு ஆற வைத்திருந்தாள். கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் பையும் நெற்றியில் வேர்வையுமாக அவளே நின்றாள். ஆச்சரியப்படுவதற்கு முன்னால், தன்னைத் தானே வா என்பதா வாங்க என்பதா என்றுதான் அரசிக்கு ஒரு குழப்பம் வந்தது.

“வா” என்றாள் கடைசியில். “வந்தாச்சா?”

“வந்தாச்சு” என்று சொல்லி, நாற்காலியில் கிடந்த துணியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வந்தவள் உட்கார்ந்தாள். “இன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

வந்தவளுக்கும் அதே நாள்தான். அதே ஆபீஸ், அதே கம்ப்யூட்டர், அதே தயிர்சாதம். இருந்தும் கேட்டாள். அரசி சொல்லச் சொல்ல, நடந்தது தெரியாதவள் மாதிரி “அப்புறம்?” என்றாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அரசி இருந்த டீயை இரண்டு டம்ளரில் பங்கு வைத்தாள். மறுநாள் வரும் வழியில் அரைக் கிலோ மாவும் ஒரு முழுத் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்படி ஊரே நிறைந்திருந்தபோது, நகராட்சி ஆணையர் அவளைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, சங்கு ரெண்டு தடவை ஊதுதாமே?”

“ஆமா சார்.”

“அரசாங்கச் சங்கு ரெண்டு தடவை ஊதக் கூடாதும்மா. தணிக்கைக்கு வந்தா கேப்பாங்க. ஒரு தடவைக்குத்தான் அனுமதி இருக்கு. என்னன்னு பாத்து நிறுத்துங்க.”

ஜனங்கள் இரண்டு தடவை வருவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அனுமதி வேண்டும் என்று எந்த ஆணையிலும் இல்லை.

அரசி பார்க்கத் தொடங்கினாள். ஒரே வேலை இரண்டு தடவை ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுதின கையைத்தான். ஒரே வரியைத் தன் பேரில் ஒரு தடவையும் சர்வருக்கே அதிகாரியான தலைமைப் பயனர் பேரில் ஒரு தடவையும் எழுதித் தொலைத்திருப்போமோ என்று இரண்டு அட்டவணையையும் திறந்து பார்த்தாள், ஒன்றில்தான் இருந்தது. கிரானே இரண்டாக ஓடுகிறதோ என்று பார்த்தாள், ஒன்றுதான் ஓடியது. வேறு ஏதாவது வேலை போகிற போக்கில் சங்கையும் கூப்பிடுகிறதோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், எதுவும் கூப்பிடவில்லை. முதல் ஓட்டம் முடியாமல் இரண்டாவது ஓட்டம் தொடங்கக் கூடாது என்று ஒரு பூட்டையும் போட்டு வைத்தாள். சங்கு பூட்டை மதிக்காமல் ஊதியது. கடைசியில் ஒருநாள் மாலை ஆபீசிலேயே இருந்து, சர்வர் தன் வேலையைக் குறித்து வைக்கிற பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் ஊதலுக்கு ஒரு வரி விழுந்தது. இரண்டாவது ஊதலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேஜையில் டம்ளர் அதிர்ந்தது, பதிவில் ஒன்றும் விழவில்லை.

இரண்டாவது தடவை ஊதுவது இந்தச் சர்வரே இல்லை. வேறு யாரோ.

சங்குக்கு உத்தரவு போய்ச் சேருகிற சின்னப் பெட்டியைக் கேட்டுப் பார்த்ததில், உத்தரவு இரண்டு இடத்திலிருந்து வருவதாக அது சொன்னது. அந்த இரண்டாவது இடத்தின் வயரைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் மத்தியானம், சுவர் ஓரமாக, வராந்தா வழியாக, கக்கூஸ் பக்கம் திரும்பி, உடைந்த நாற்காலிகளும் தேர்தல் பெட்டிகளும் கிடக்கிற சாமான் அறைக்குள் போனாள். மூலையில், கொசுமருந்து டப்பாக்களுக்குப் பின்னால், பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. தலையில் ஒரு மாவிலை சருகாகிக் கிடந்தது.

அரசிக்கு நினைவு வந்தது. முன்பு சர்வர் அறை இதுதான். புதுச் சர்வர் வந்து, சங்கு வயரை அதில் மாட்டி, பழையதை அணைக்கப் போன நாள் ஆயுத பூஜை. சந்தனம் வைத்துச் சூடம் காட்டின சாமானை அன்றைக்கே அணைப்பதா என்று ஆபீசே சேர்ந்து தடுத்தது. விடிந்தால் விஜயதசமி, அன்றைக்கு எதையும் ஆரம்பிப்பார்களே தவிர முடிப்பார்களா. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை யாருக்கும் ஞாபகம் இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டுப் போன பிறகும், அது அந்த இருட்டு மூலையில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக, மாலை தவறாமல், யாருக்கும் கேட்காத சங்கை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. கடிகாரத்தைத் திருத்தி வைக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, ஒரு டீ ஆறுகிற நேரம் பின்தங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன்னால் சங்குக்கு அந்தச் சின்னப் பெட்டியைப் புதிதாக மாட்ட வந்த ஆள், சும்மா தொங்குகிற வயரை எல்லாம் ஏதாவது ஒரு ஓட்டையில் செருகிவிட்டுப் போக, அதன் குரல் மறுபடி வெளியே கேட்டுவிட்டது.

அரசி அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. ஓர் அமுக்கு, தீர்ந்தது வேலை. அவள் கையை எடுத்துக்கொண்டு, கொசுமருந்து டப்பாக்களை இருந்தபடியே மறைத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்றார் ஆணையர்.

“பாத்துக்கிட்டு இருக்கேன் சார்” என்றாள். அன்று மாலை இரண்டு பேருமாக அடை சுட்டுத் தின்றார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் குருவம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்றாள். அதற்கு மேல் அவள் ஏறியதில்லை. உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“மேல வாங்க குருவம்மா.”

“இல்ல, இங்ஙனயே நிக்கேன். அந்தச் சங்க நிப்பாட்டுறது ஒங்க கையிலதான் இருக்குன்னு சொல்றாக. நெசமா?”

அரசி படி விளிம்புக்கு வந்து நின்றாள்.

“மொத வர்றவரு அடிச்சிட்டுப் படுத்துருவாரு மேடம். அது எனக்குப் பழகிப்போச்சு. அலுப்பு, குடி, படுத்தா விடிஞ்சுதான் எந்திரிப்பாரு. ஆனா ரெண்டாவது வர்றவருக்கு அலுப்பும் இல்ல, வேற சோலியும் இல்ல. சாவகாசமா உக்காந்துக்கிட்டு அடிக்காரு.” சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “ஊர்ல எல்லாருக்கும் மறுவரவு பூவும் பொட்டுமா வருது. எனக்கும் நான் வாரேன். நானும் சங்குக்கு வர்றவதானே. என்னய அடிக்கும்போது அவ பாத்துக்கிட்டு நிக்கா. அவள அடிக்கும்போது நான் பாத்துக்கிட்டு நிக்கேன். அடி வாங்குறதக்கூட தாங்கிருவேன் மேடம். அதப் பாக்கத்தான் முடியல. இத்தன வருசம் நான் அப்படியா இருந்தேன்னு...”

குடம் நிறைந்துவிட்டது என்று இறங்கிப் போய்விட்டாள்.

பட்டறைத் தெருவில் எங்களுக்கு எல்லாம் தெரியும். சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள், கேட்காமல் எப்படி இருக்கும்? முதல் சத்தத்துக்கு டி.வி.யைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம், இரண்டாவது சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தோம். எங்கள் மடியில் எங்கள் பிள்ளைகள் படுத்திருந்தார்கள், எங்கள் மறுவரவு பேன் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு வீட்டுக்காக ஊரே இதை இழக்க முடியுமா என்று வாய்விட்டும் சிலர் சொன்னோம். சொன்னதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று மாலை வந்தவளிடம் அரசி டீயை நீட்டினாள். இன்றைக்கு எப்படி இருந்தது என்று வந்தவள் கேட்கவில்லை.

“நாளைக்கா?” என்றாள்.

“நாளைக்கு” என்றாள் அரசி. “உனக்குக் கோவம் இல்லையே?”

“நான் உன் எடத்துல இருந்தா நானும் அதைத்தான் செய்வேன்” என்றாள் வந்தவள். அதில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். “இனிமே மாவு அரைக் கிலோ வாங்காத, புளிச்சிரும். தேங்காய அரை மூடியாக் கேட்டாலே குடுப்பாரு, நீதான் கேக்கக் கூச்சப்படுற. அந்த நாக்காலில மறுபடி துணியப் போடாத.”

“யாரு உக்காரப் போறா?”

“போட்டா யாரும் உக்கார மாட்டாங்கல்ல.”

சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவள் எழுந்தாள். “போயிட்டு வர்றேன்” என்றாள். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று சொல்கிற பழக்கம் கிடையாது. அரசி முக்கு வரைக்கும் பின்னால் போகவில்லை. படியில் காலடிச் சத்தம் இறங்கி முடிகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானம் சாமான் அறைக்குப் போய், டப்பாக்களை நகர்த்தி, பழைய சர்வரின் தலையில் கிடந்த சருகை எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். உள்ளே காற்றாடி சுற்றல் குறைந்து, முனகி, நின்றது. அதன் மேல் வைத்த கையை, சூடு ஆறுகிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை. பிறகு ஆணையரிடம் போய்ச் சொன்னாள்.

“சரியாயிருச்சு சார். பழைய மெஷின் ஒண்ணு அணைக்காமக் கெடந்துச்சு.”

“யாரு அணைக்காம விட்டது? பொறுப்பு யாரு?”

“ஆயுத பூஜை சார்.”

ஆணையர் எழுத எடுத்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள், முகம் கழுவினார்கள், உலை வைத்தார்கள், கூட ஒரு கைப்பிடி அரிசி போட்டார்கள். சீனிராஜ் அடுத்த கூட்டத்துக்குப் பாலைக் காய்ச்சி வைத்தார். டீ ஆறியது. பிள்ளைகள் வாசலுக்கு வந்து, தெரு முக்கைப் பார்த்தபடி, அம்மா உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே, அம்மாவுக்காகக் காத்து நின்றன. சங்கு ஊதவில்லை. பாலில் ஆடை படிந்தது. ஒரு குழந்தை முதலில் அழத் தொடங்கியதும் அடுத்தடுத்த வாசல்களில் எல்லாம் அழுகை தொற்றிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் போனது. அடுப்படியில் நின்ற அம்மாக்கள் தங்களைத் தேடி அழுகிற பிள்ளைகளைச் சமாதானம் செய்ய வந்து, கரிக்கையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கம்ப்யூட்டர் மேடம்தான் நிறுத்தினாள் என்று இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் கோபம் முழுவதும் அவள் பேரில் திரும்பியது. குடும்பம் இல்லாதவளுக்கு இதன் அருமை என்ன தெரியும் என்று டீக்கடையில் யாரோ சொன்னபோது, நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

அந்த நேரத்தில் அரசி மாடியில் தனியாக இருந்தாள். கை பழக்கத்தில் இரண்டு டம்ளரில் டீயை ஊற்றிவிட்டாள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது, துணி போடாமல். இன்றைக்கு எப்படி இருந்தது என்று சுவரைப் பார்த்துத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அது கேள்வி மாதிரியே இல்லை.

கீழே மாடசாமியின் குரல் எழும்பியது. தட்டு ஒன்று சுவரில் மோதி உருண்டது. பிறகு அந்தச் சத்தம்.

அரசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஓட்டத்தைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள். முதலாவது எந்தக் கோளாறும் இல்லாமல், சொன்ன நேரத்துக்கு, எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவள் தலைக்குக் கீழேதான் ஓடியது. அவளும் எங்களைப் போலத் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டவள்தான். நேற்று வரைக்கும் குருவம்மா அடிபட்டால் பார்த்து நிற்கவாவது இன்னொருத்தி இருந்தாள். இன்றைக்கு அவளையும் அணைத்தாயிற்று.

அரசி எழுந்து படி இறங்கிப் போய், அந்தத் தெருவில் முதன்முதலாக, இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். நாங்கள் டி.வி.யை நிறுத்தினோம்.

மாடசாமி கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “என்ன?”

“குருவம்மாவக் கூப்பிட வந்தேன்.”

“எதுக்கு?”

“டீ போட்டிருக்கேன்” என்றாள் அரசி. குரல் தெருவுக்கே கேட்டது. “ரெண்டு டம்ளர்ல ஊத்திட்டேன். ஆறுது.”

எவளாவது நியாயம் பேச வந்தால் திருப்பிச் சொல்ல மாடசாமியிடம் வசவு இருந்தது. டீ ஆறுகிறது என்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் முழித்துக்கொண்டு நிற்கையில், அவன் கைக்குக் கீழே குனிந்து, தலைமுடியைச் சுருட்டி முடிந்தபடியே குருவம்மா வெளியே வந்தாள். அரசியின் பின்னால் மாடிப்படி ஏறினாள். அன்றைக்குப் பாதியில் நிற்கவில்லை.

மேலே வந்து, இரண்டு டம்ளரையும் காலி நாற்காலியையும் பார்த்துத் தயங்கினாள்.

“வேற யாரும் வர்றாகளா மேடம்?”

“இல்ல. அவ வரமாட்டா” என்றாள் அரசி. “நீங்க உக்காருங்க.”

குருவம்மா உட்கார்ந்தாள். டீ ஆறித்தான் போயிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், ஊரில் எல்லாரும் கேட்கிறதையே கேட்டாள்.

“ஆபீஸ்ல இருந்து வந்தாச்சா மேடம்?”

அரசி தன் டம்ளரைக் கையில் எடுத்தாள். அவள் எங்கள் ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“வந்தாச்சு” என்றாள்.

குருவம்மா அன்று கீழே இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மாடசாமி ஒருநாள் குடித்துவிட்டு வந்து படியில் கால் வைத்தபோது, நாங்கள் எல்லா வாசலிலும் எழுந்து நின்றோம். ரொம்பத் தாமதம்தான், ஆனாலும் நின்றோம். அவன் காலை எடுத்துக்கொண்டான்.

இப்போது எங்கள் ஊரில் சங்கு ஒரு தடவைதான் ஊதுகிறது. ஊதி, வீட்டுக்கு வந்து, டீயை ஊற்றி வைத்துவிட்டு, அது ஆறுகிற நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி வாசலுக்கு வந்து நின்று தெரு முக்கைப் பார்க்கிறோம். எங்கள் பிள்ளைகளும் எங்களைப் பார்க்காமல் முக்கைத்தான் பார்க்கிறார்கள். யாரும் வருவதில்லை. பட்டறைத் தெரு மாடிப்படியில் மட்டும் அந்த நேரத்துக்குக் காலடிச் சத்தம் கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு, மாவுக் கடைக்கும் போய்விட்டுத் தூக்குவாளியோடு குருவம்மா படியேறுவாள், மேலே கதவு திறக்கும், வந்தாச்சா என்று ஒரு குரல் கேட்கும்.